ஒரு தாத்தாவுக்கு இரண்டு நாற்காலி

தன் குடும்பத்தில் ஒருவர்கூடப் போரில் சாகவில்லையே என்று மோட்டார்காரர் முதன்முதலாக வயிறெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்கு, படகுத்துறையில். அதுவரை அவருக்கு அப்படியொரு குறை இருந்ததே இல்லை. எரிந்துபோன மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் பம்பு இவற்றின் மோட்டாரைப் பிரித்துச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும் கடை, வார்னிஷ் வாசனை, நாள் முழுக்கக் கம்பிச் சுற்று எண்ணுகிற வேலை. அடுத்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட அவருக்கு நேரம் கிடையாது, ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் அவருடைய சகலை.

சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். நாற்காலிக் கடை வைத்திருப்பவர். நாற்காலி விற்கிற ராசியோ என்னவோ, அந்த மனிதர் எங்கே போனாலும் அவருக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் நாற்பது பேர் நின்றுகொண்டிருப்பார்கள், சகலை உள்ளே நுழைந்த நிமிஷம் ஒருவன் எழுந்து போவான். ஐம்பத்து மூன்று வயதில் தலைமுடி அப்படியே கருகருவென்று இருந்தது, சாயம் இல்லை, மோட்டார்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வேரை எல்லாம் பார்த்துவிட்டார். இதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது, அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தன் மனைவி பஸ்ஸில் சொல்லும் ஒரு வரிதான். "அக்காவுக்கு மாத்திரையைக்கூட அத்தானே எடுத்துக் கையில கொடுக்கறார், பாத்தீங்களா?" என்பாள். அவ்வளவுதான். குத்திக்காட்டுகிற பெண்ணும் இல்லை அவள். ஆனால் அந்த வரி ஒரு வாரத்துக்கு மோட்டார்காரரின் நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சகலைதான் போன் செய்து, "ஞாயித்துக்கிழமை நாங்க போர்ப் படகுல போறோம் சகலை, நீங்களும் வாங்களேன்" என்றார். போர்ப் படகு என்றால் சண்டை போடுகிற படகு இல்லை. போர்த்துயர நினைவு மற்றும் உல்லாசப் படகுப் பயண வாரியம் என்று ஒன்று இருந்தது. ஆற்றோரம் போர் நடந்த இடங்களை எல்லாம் ஒரே நாளில் படகில் காட்டிக் கூட்டிவருவது அதன் வேலை. "காலையில் கண்ணீர், மதியம் சாப்பாடு, மாலையில் குளிர்காற்று" என்று அதன் விளம்பரத் தாளில் போட்டிருந்தது. சகலை போகிற இடத்துக்குத் தான் போகாமல் இருப்பதா? மறுநாளே மோட்டார்காரர் படிவம் வாங்கிவந்தார்.

படிவம் எட்டுப் பக்கம். அதில் ஆறு பக்கம் "போரில் இறந்த உறவினர்" பற்றியது. தந்தை வழி என்ற கட்டத்தில் மோட்டார்காரர் நெடுநேரம் யோசித்தார். அவருடைய தாத்தா போர் வருகிறது என்று கேள்விப்பட்டதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் அக்கா ஊருக்குப் போனவர். போர் முடிந்து மூன்று மாதம் கழித்து, நிஜமாகவே முடிந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பியவர். தொண்ணூற்றொரு வயதில், டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் செத்தார். அந்தத் தாத்தாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பியும் கிடையாது. எனவே "எவரும் இல்லை. அனைவரும் நலம்" என்று எழுதினார். மனைவி வழி என்ற கட்டத்திலும் "எவரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எட்டுப் பக்கமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

படகுத்துறையில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் தர நிர்ணய அலுவலர். அவர் முன்னால் மூன்று தட்டுகளில் தங்க நிறம், நீலம், சாம்பல் என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜுகள். மோட்டார்காரருக்கும் மனைவிக்கும் சாம்பல் நிறம் வந்தது. அதில் "துயரமற்றவர்" என்று அச்சடித்திருந்தது.

"சார், இது என்ன, துயரமற்றவர்னு போட்டிருக்கு?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க, அனைவரும் நலம்னு? சந்தோஷமான விஷயம்தானே?" என்றார் அலுவலர். "தங்கம்னா நேரடித் துயரம், மேல்தளம். நீலம்னா தூரத்துத் துயரம், நடுத்தளம். நீங்க கீழ்த்தளம். இஞ்சினுக்குப் பக்கத்துலயே இடம் இருக்கு, தேட வேண்டியதில்லை. அடுத்தவங்க வாங்க."

அடுத்தவர் சகலை. அவரைக் கண்டதும் அலுவலர் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் தங்க பேட்ஜை எடுத்து, தானே சட்டையில் குத்திவிட்டார். அக்காவுக்கும் தங்கம். சகலை அந்த பேட்ஜைத் தடவிக்கொண்டே திரும்பி, "அடடா, நீங்க கீழேயா சகலை? ஐயையோ" என்றார். அந்த ஐயையோவில் ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் மோட்டார்காரருக்கு இன்னும் எரிந்தது. இந்த ஆளுக்கு முடியும் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது, இப்போது செத்துப்போன ஆளும் இருக்கிறாரா? ஆண்டவனுக்கு ஒரு கணக்கு வழக்கு வேண்டாமா?

மனைவி தன் சாம்பல் பேட்ஜைப் படித்துப் பார்த்தாள். "இது யாரு எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

"நான்தான். உண்மையைத்தானே எழுதணும்?"

அவள் அதைச் சேலையில் குத்திக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில் முப்பது பேர் இருந்தார்கள். போரில் ஒருவரையும் பறிகொடுக்காத குடும்பங்கள். எல்லோரும் ஏதோ தப்பு செய்துவிட்டுப் பிடிபட்டவர்கள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சுகளில் ஒடுங்கியிருந்தார்கள். பக்கத்திலிருந்த தொப்பிக்காரர் மோட்டார்காரரின் காதருகே குனிந்து, "எங்க பெரியப்பாவுக்குப் போர்ல ஒரு கால் போச்சு சார். காலுக்கு மார்க் இல்லையாம். ரெண்டு காலும் போயிருந்தா நீலம் கொடுத்திருப்பாங்களாம்" என்றார். இஞ்சின் கடகடவென்று புறப்பட்டது. பேரிங் தேய்ந்துவிட்டது என்று மோட்டார்காரருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய்ச் சொல்லியிருப்பார். இன்று, தேயட்டும் என்று விட்டுவிட்டார்.

முதலில் இடிந்த பாலம் வந்தது. ஒலிபெருக்கியில் வழிகாட்டியின் குரல் கரகரத்தது. "இங்கே மௌன அஞ்சலி. தங்கம் இரண்டு நிமிடம். நீலம் ஒரு நிமிடம்." கீழ்த்தளத்திலும் மோட்டார்காரர் மரியாதைக்கு எழுந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். யாரோ தோளைத் தட்டினார்கள். வாரிய ஊழியர்.

"உங்களுக்கு மௌனம் இல்லைங்க. உட்காருங்க."

"சும்மா நிக்கறேனே, என்ன இப்போ?"

"அப்படி எல்லாரும் நின்னா மேல இருக்கறவங்க மௌனத்துக்கு என்ன மதிப்புங்க? நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருங்க. கொஞ்சம் சத்தமாப் பேசினாலும் நல்லது, அப்பத்தான் மேல மௌனம்னு தெரியும்."

எனவே மேலே இரண்டு நிமிடம் ஊசி விழுந்தால் கேட்கும் மௌனம். கீழே முப்பது பேர் வெயில், மழை, வாடகை, முழங்கால் வலி என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி மட்டும் பேசவில்லை. ஊழியர் வந்து இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்தது பதுங்குகுழி. படகைக் கரையில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். தங்கத்தை உள்ளே அனுப்பினார்கள். நீலத்தை வாசல்வரை விட்டார்கள். சாம்பலுக்கு, கரையில் ஒரு துணியில் பதுங்குகுழியின் கதவை வரைந்து கட்டியிருந்தார்கள், கதவு சாத்தியிருக்கிற மாதிரி. அந்த ஓவியத்தை முப்பது பேரும் பத்து நிமிஷம் பார்த்தார்கள். தங்கங்கள் வெளியே வந்தபோது கண் துடைக்க ஈரத் துண்டு கொடுத்தார்கள். சகலையின் கண்ணும் சிவந்திருந்தது. அழுகிறதுகூட இந்த மனுஷனுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று மோட்டார்காரர் பொருமினார்.

"உள்ள எப்படி அண்ணே இருந்துச்சு?"

"ஒரே இருட்டு சகலை. ஒண்ணுமே தெரியலை. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் சகலை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வழிகாட்டியின் உரை. எல்லாத் தளத்துக்கும் பொதுவாக வாரியம் கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

"அன்பான துயரப் பெருமக்களே! போர் கொடியது. போர் வேண்டாம் என்பதே நம் வாரியத்தின் கொள்கை. ஆனால் நடந்து முடிந்த போரை வீணடிக்கலாமா? கூடாது! போருக்கு முன்பு இந்த ஆற்றில் என்ன இருந்தது? தண்ணீர் இருந்தது. யார் வந்து பார்த்தார்கள்? இன்று பாருங்கள், இடிந்த பாலம் ஒன்று, குண்டு விழுந்த கிடங்கு ஒன்று, பதுங்குகுழி மூன்று! எதிரிகள் இன்னும் கொஞ்சம் அக்கறையோடு குண்டு போட்டிருந்தால் இதை இரண்டு நாள் பயணமாகவே நீட்டியிருக்கலாம். அந்தக் குறையை வாரியம் உணர்ந்திருக்கிறது. கிழக்குக் கரையில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை இடிக்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறோம். அடுத்த ஆண்டு அதையும் கண்டு கலங்கலாம்."

மேலே கைதட்டினார்கள். வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்போது படகு திரும்புகிறதே, இந்த வளைவில்தான் ஒரு மாவீரர் உயிர் துறந்தார். ஏழை ஓடக்காரர். நீச்சலில் புலி. குண்டுமழையில் ஏழு முறை ஆற்றைக் கடந்து நூற்று நாற்பது வீரர்களைக் கரைசேர்த்தார். எட்டாவது முறை போனவர் திரும்பவில்லை. அவருடைய வாரிசு இதோ, நம் மேல்தளத்தில், நாற்காலிக் கடை ஐயா! எழுந்து நில்லுங்கள் ஐயா!"

கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்கூடத் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார்கள். தொப்பிக்காரர், "குடுத்துவெச்ச மனுஷன்" என்றார். மோட்டார்காரருக்குக் காதில் புகை வந்தது. நூற்று நாற்பது பேர்! ஏழு தடவை! தன் தாத்தா ஆற்றைக் கடந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் எதிர்ப்பக்கமாக, இரண்டு பெட்டியும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு. ஏன் தாத்தா, ஊரே செத்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கு மட்டும் அப்படி என்ன அவசரம், உயிரோடு இருக்க?

திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. பாவம், அக்கா மேலே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தங்கை இங்கே டீசல் புகையில் கிடக்கிறாளே, மனசு ஏங்காதா என்று மோட்டார்காரருக்குத் தோன்றியது. அவளுக்காகத் தன் மனசு உருகுவதாகவே அவர் நிஜமாக நம்பினார்.

"இரு. பத்து நிமிஷத்துல உன்னை மேல உட்கார வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கழிவறைக்குப் பக்கத்தில் "துயர மேல்முறையீடு" என்று பலகை தொங்கிய ஒரு மேசை இருந்தது. காலையில் பார்த்த அதே தர நிர்ணய அலுவலர்தான் அங்கும்.

"சார், படிவத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார்."

அலுவலர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "பாலம் தாண்டினதும் நிறையப் பேருக்கு ஞாபகம் வரும். எப்படிப் போனார்?"

"குண்டு பட்டு."

"குண்டு வேண்டாமே. இன்னைக்கு மட்டும் இருபத்திரண்டு குண்டு இருக்கு. ஆத்துல ஏதாவது இருக்கா பாருங்க."

"ஆத்துலதான் சார்! மூழ்கிட்டார்."

"அப்படிச் சொல்லுங்க. தானா மூழ்கினாரா, யாரையாவது காப்பாத்தப் போயா?"

"காப்பாத்தத்தான். ஒம்பது தடவை போனார் சார்."

அலுவலர் பேனாவை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஒம்பது கொஞ்சம் அதிகம். மேல இருக்கறவரே ஏழுதான். எட்டுன்னு போட்டுக்கறேன், பாதகமில்லையே?"

"பாதகமில்லை சார்" என்றார் மோட்டார்காரர். சகலையைவிட ஒன்று கூடுதல். அதுவே போதும்.

"அவ்வளவுதான். குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும். வீட்டம்மா வந்திருக்காங்க இல்லே?"

மோட்டார்காரர் தாளைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார். அவள் படித்தாள். "யாரு இது?"

"எங்க சின்னத் தாத்தா."

"உங்களுக்கு ஏது சின்னத் தாத்தா?"

"இப்பத்தான் கிடைச்சார். போடேன் கையெழுத்து, மேல போய் உட்காரலாம். உங்கத்தான் மட்டும்தான் செத்த தாத்தாவை வெச்சிருக்கணுமா?"

அவள் தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அது அத்தானோட தாத்தா இல்லைங்க. எங்க தாத்தா. எங்கம்மாவோட அப்பா. அக்கா வழியில அத்தான் எழுதிக் கொடுத்திருக்கார்."

மோட்டார்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மைக்ல சொன்ன மாதிரி எல்லாம் இல்லை" என்றாள் அவள். "தாத்தாவுக்கு நீச்சலே தெரியாது. வீரர்களும் இல்லை, ஒண்ணும் இல்லை. அக்கரையில மாட்டிக்கிட்ட பக்கத்து வீட்டு ஆளுங்க மூணு பேரைக் கூட்டிவரப் போனார். அம்மாவுக்கு அப்போ நாலு வயசு, கரையில நின்னு..."

"இரு, இரு, இரு!" என்று மோட்டார்காரர் துள்ளி எழுந்தார். அவருக்கு முதலில் வந்தது வெட்கம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தது சந்தோஷம். "அடியேய், இதைக் காலையிலயே சொல்லக் கூடாதா? அசல் தாத்தாவை வீட்டுல வெச்சுக்கிட்டா நான் போலித் தாத்தாவைத் தேடி அலையறேன்!" வாக்கியத்தை முடிக்க அவளை விடாமல், தலைகால் புரியாமல் மேசைக்கு ஓடினார்.

அலுவலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

"அந்தத் தாத்தாவை இன்னைக்குப் பயன்படுத்தியாச்சுங்க."

"என்ன சார் சொல்றீங்க? என் பொண்டாட்டி அவரோட சொந்தப் பேத்தி!"

"யாரு இல்லேன்னா? ஆனா ஒரு இறந்தவருக்கு ரெண்டு நாற்காலிதான். உங்க சகலையும் அவங்க வீட்டம்மாவும் உட்கார்ந்தாச்சு. பேத்திங்க ரெண்டு பேர்னு எல்லாரும் கிளம்பினா மேல்தளம் தாங்குமா? படகு கவுந்தா அதுக்கு வேற ஒரு அஞ்சலி வெக்கணும். அந்தச் சின்னத் தாத்தா இருக்காரே, அவர் சுத்தமா இருக்கார். வேற யாரும் கேக்கலை. எல்லாம் சரியா இருக்கு. அவரையே வெச்சுக்குங்க."

"அவர் பொய் சார்" என்று மோட்டார்காரர் மெல்லச் சொன்னார்.

"வாரியம் ஆள் இருந்தாரா இல்லையான்னு பாக்கறதில்லைங்க. இடம் இருக்கா இல்லையான்னுதான் பாக்கும்."

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு வேண்டாம். நீங்க போறதுன்னா போய் உட்காருங்க" என்றாள். அந்த இடத்திலேயே மனுஷன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மேலேயிருந்து சகலையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது போதுமானதாக இருந்தது. சாட்சி இல்லை என்றதும் அலுவலர், "உணர்ச்சிவசப்பட்டு மறுத்திருப்பாங்க, நல்ல அறிகுறி" என்று சொல்லித் தானே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டு, ஒரு தங்க பேட்ஜையும் எடுத்துக் கொடுத்தார்.

மேல்தளம் மோட்டார்காரர் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. நிழல், காற்று, மெத்தை தைத்த நாற்காலி, பூப்போட்ட கோப்பையில் டீ. இஞ்சின் இருப்பதே தெரியவில்லை. சகலை மனசார வரவேற்றார். "வாங்க சகலை, வாங்க! உங்களுக்கும் ஒருத்தர் இருந்தாரா? சொல்லவே இல்லையே! எங்கே என் மச்சினி?"

"கீழே காத்து நல்லா வருதாம்" என்றார் மோட்டார்காரர்.

சகலை டீயை உறிஞ்சிவிட்டு ஆற்றைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இந்த ஆளுங்க என்னென்னமோ சேத்துச் சொல்றாங்க சகலை. நான் எழுதிக் கொடுத்தது வேற. எனக்கு அந்த நூத்தி நாப்பது பேரெல்லாம் மனசுல நிக்கலை. நம்ம மாமியார்தான் நிக்கறாங்க. நாலு வயசுப் பொண்ணு, அப்பா தண்ணிக்குள்ள போனதைக் கரையில நின்னு பாத்திருக்கு. எப்பவும் அப்பா விளையாட்டுக்கு ஒளிஞ்சுக்குவாராம், பத்து எண்ணினா வந்துடுவாராம். பத்துக்கு மேல எண்ணவும் தெரியாது. அதனால ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுறது, மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுறது. சாயங்காலம் வரைக்கும் எண்ணிக்கிட்டே நின்னிருக்காங்க. உங்களுக்குத் தெரியாததா? கடைசியில உங்க வீட்டுலதானே இருந்தாங்க!"

மோட்டார்காரர் கோப்பையைத் தட்டில் வைத்தார். மாமியார் கடைசி இரண்டு வருஷம் அவர் வீட்டில்தான் இருந்தார். பகல் முழுக்கக் கட்டிலில் படுத்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் முணுமுணுப்பார். பிறகு மறுபடி ஒன்று. தொழிலே எண்ணிக்கையாக இருக்கிற மனிதர் வீட்டில் அந்தச் சத்தம் வேறு. கம்பிச் சுற்று எண்ணிக்கை குழம்புகிறது, வயதானால் இப்படித்தான் என்று சொல்லி, மாமியார் அறைக் கதவை இழுத்துச் சாத்தியவர் அவர்தான். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. இந்தச் சகலை, அந்த அம்மாவை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தவன், தெரிந்துவைத்திருக்கிறான். வயிறு எரிந்தது. ஆனால் இது காலையில் எரிந்த எரிச்சல் இல்லை. முடிக்காகவும் இல்லை, நாற்காலிக்காகவும் இல்லை. இந்த ஒன்றை இவன் வைத்துக்கொண்டிருக்கிறானே, தனக்கு இது இல்லையே என்று எரிந்தது.

அதற்குள் வழிகாட்டி மைக்கோடு வந்துவிட்டார். "பெருமக்களே, ஓர் இன்ப அதிர்ச்சி! இன்று, இந்தப் பயணத்திலேயே, புதிதாக ஒரு மாவீரர் கண்டெடுக்கப்பட்டிருக்கிறார்! எட்டு முறை ஆற்றைக் கடந்தவர்! அவருடைய வாரிசு பேசுவார்!"

மைக் மோட்டார்காரர் கைக்கு வந்தது. மேல்தளம் முழுக்கத் துண்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டது. அவர் குரல் கீழ்த்தளம்வரை கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"எனக்கு அப்படி ஒரு சின்னத் தாத்தா கிடையாதுங்க" என்றார். "நான் பொய் சொல்லிட்டேன். எங்க வீட்டுல யாரும் சாகலை. எங்க தாத்தா ஓடிப்போயிட்டார். அந்த ஓடக்காரரோட பேத்தி கீழே இஞ்சின்கிட்ட உட்கார்ந்திருக்கா. அவளைக் கேளுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

வழிகாட்டி மைக்கைப் பிடுங்கினார். அவர் குரல் தழுதழுத்தது.

"பார்த்தீர்களா? மறுக்கிறார்! இறந்தவரே இல்லை என்று மறுக்கிறார்! துயரம் முற்றினால் மனிதன் இப்படித்தான் பேசுவான். வாரியத்தின் பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒரு துயரத்தை நான் கண்டதில்லை. இந்தச் சின்னத் தாத்தாவுக்கு நான்கு நிமிட மௌனம்! அடுத்த வாரம் முதல் அவருக்கென்று தனியாக ஒரு நிறுத்தம்!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறக்காத மனிதருக்காகப் பெண்கள் விசும்பினார்கள். சகலை மட்டும் ஒன்றும் புரியாமல் மோட்டார்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார்காரர் படிக்கட்டுக்குப் போனார். தங்கம் கீழே போகக் கூடாது என்று ஊழியர் கையை நீட்டி மறித்தார். பேட்ஜைக் கழற்றி அந்தக் கையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

கீழே வழக்கம்போல எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம் என்பதால் விஷயம் தீர்ந்துபோய், தொப்பிக்காரர் பெரியப்பாவின் காலைப் பற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார். மனைவி அதே ஜன்னலோரத்தில் இருந்தாள். மோட்டார்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். இஞ்சின் சத்தத்தில் அவள் காதருகே குனிய வேண்டியிருந்தது.

"உங்கம்மா கரையில நின்னாங்கன்னு சொன்னியே. அப்புறம்? நீ சொல்லு, கேக்கறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலை என்றிருந்திருக்கும்.

"ஏற்கெனவே சொன்னேங்க" என்றாள். "அத்தான் படிவம் எழுதறப்போ அக்காவுக்கு ஞாபகம் வரலைன்னு எனக்குப் போன் பண்ணாங்க. அம்மா போனப்புறம் அன்னைக்குத்தான் வாய்விட்டு முழுசாச் சொன்னேன். அத்தானும் கூடவே கேட்டுக்கிட்டிருந்தார், நடுநடுவுல கேள்வி கேட்டார். எனக்கு அழுகை வந்துடுச்சு. நீங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க."

"நானா?"

"ஆமா. இதே படிவத்தைத்தான் நிரப்பிக்கிட்டிருந்தீங்க. சத்தத்துல தப்பாயிடும், உள்ள போய்ப் பேசுன்னீங்க. நான் உள்ள போய்ப் பேசினேன்."